ஜன்னல் திட்டில் ஊதா நிறம்

காரைத் தொட்டுப் பார்க்கச் சொன்னார் என் கணவர். வெறும் கையால் அல்ல. காய்கறி வாங்கி வந்த மெல்லிய பிளாஸ்டிக் கவரைக் கையில் உறை போல மாட்டிக்கொண்டு, அப்போதுதான் ஷாம்பு போட்டுக் கழுவித் துடைத்திருந்த பானெட்டின் மேல் விரல்களை மெதுவாக நகர்த்தச் சொன்னார். வெறும் கைக்கு வழுவழுவென்று இருந்த அதே இடம், கவருக்குள் இருந்த விரலுக்குச் சொரசொரவென்று இருந்தது. ரவையைத் தூவி அதன்மேல் துணியை விரித்துத் தடவியது போல.

"தெரியுதா?"

"தெரியுது. என்ன இது?"

"இரும்பு" என்றார்.

ஆயுத பூஜைக்கு இரண்டு வாரம் இருந்தது. எங்கள் கார் வெள்ளை நிறம். இன்னொருவரிடமிருந்து வாங்கிப் பத்து மாதம் ஆகியிருந்தது. வாங்கும்போது இல்லாத சின்னச் சின்ன ஆரஞ்சுப் புள்ளிகள் அதன் மேல் வந்திருந்தன. தூரத்தில் நின்றால் தெரியாது, குனிந்து பார்த்தால் மிளகாய்த்தூள் சிந்தியது போல இருக்கும். கழுவினாலும் போகாது, நகத்தால் சுரண்டினாலும் போகாது. என் கணவர் எதையாவது கையில் எடுத்தால் பத்து வீடியோ பார்க்காமல் இறங்க மாட்டார். பார்த்துவிட்டு ஒரு பாட்டில் மருந்தும், சப்பாத்தி மாவு உருண்டை போல ஒரு களிமண் கட்டியும் வரவழைத்திருந்தார். பாலிஷ் போடும் மெஷினை அலுவலக நண்பரிடம் இரவல் வாங்கியிருந்தார்.

"இத எடுக்காம நேரா மெஷின வெச்சேன்னு வெச்சிக்கோ, இந்தத் துகளையே இழுத்துக்கினு சுத்தும். கார் பூரா வட்ட வட்டமா கீறல் வுழும். பாலிஷ் போட்டதுக்கு அப்புறம்தான் அசிங்கமா இருக்கும்."

"எங்கேர்ந்து வருது இவ்வளவு இரும்பு?"

"பிரேக் புடிக்கறப்போ தேய்ஞ்சு பறக்கும். ரயில் லைன் ஓரமா நிறுத்தினாலும் வரும்." கொஞ்சம் நிறுத்தி, தாடையால் பக்கத்துச் சுவரைக் காட்டினார். "அப்புறம் நம்ம ஊட்டு ஸ்பெஷல்."

சுவருக்கு அந்தப் பக்கம் அவருடைய சித்தப்பாவின் பட்டறை. கேட், ஜன்னல் கிரில், மாடிப்படிக் கைப்பிடி எல்லாம் செய்கிற இடம். காட்டுப்பாக்கத்தில் இவர்கள் குடும்பம் பயிர் வைத்திருந்த நிலம் மனைகளாகப் போன பிறகு மிஞ்சியதில், ஒரு பாதியில் எங்கள் வீடும் மறு பாதியில் அந்தத் தகரக் கொட்டகையும் அதன் பின்னால் சித்தப்பாவின் வீடும் நிற்கின்றன. காலை ஒன்பது மணிக்கு இரும்பை அறுக்கும் மெஷின் ஜொய்ங் என்று தொடங்கும். மதியச் சாப்பாட்டுக்குக் கொஞ்ச நேரம் நிற்கும். பிறகு ஆறு மணி வரை ஓடும். எங்கள் மகளுக்கு இரண்டரை வயது. சித்தப்பாவை அவள் ஜொய் தாத்தா என்றுதான் கூப்பிடுவாள். என் மாமனார் இறந்த பிறகு என் கணவரைக் கல்லூரி வரை படிக்க வைத்தவர் அவர்தான். அதனால் அந்தச் சத்தத்தைப் பற்றியோ தூசியைப் பற்றியோ எங்கள் வீட்டில் யாரும் வாய் திறந்ததில்லை.

காரை நிழலில் நிறுத்தி, கையுறையும் முகமூடியும் போட்டுக்கொண்டு, அவர் மருந்தைத் தெளித்தார். தண்ணீர் போலத்தான் இருந்தது. அழுகிய முட்டை நாற்றம் அடித்தது. நான் கையில் தண்ணீர்க் குழாயைப் பிடித்துக்கொண்டு நின்றேன். காய விடக்கூடாது, சொன்னதும் பீய்ச்ச வேண்டும் என்று எனக்கு உத்தரவு. முதலில் ஒன்றும் நடக்கவில்லை. ஒரு நிமிடம் கழித்துப் புள்ளி இருந்த இடங்களிலெல்லாம் ஊதா நிறம் கசியத் தொடங்கியது. புள்ளி நூலாகி, நூல் கோடாகி, கதவு வழியாக வழிந்தது. புள்ளியே கண்ணுக்குத் தெரியாமல் இருந்த இடங்களிலிருந்தும் வந்தது.

"பாரு, பாரு, எப்டி அழுவுது பாரு" என்று அவர் சிரித்தார். அவருக்கு அது சந்தோஷம். அழுக்கு வெளியே வருகிறதே என்ற சந்தோஷம்.

வலது பக்கம் கொஞ்சம்தான் வழிந்தது. இடது பக்கக் கதவு இரண்டும், கூரையின் இடது பாதியும் முழுக்க ஊதாவாகிவிட்டன. அந்தப் பக்கம்தான் எப்போதும் பட்டறைச் சுவரைப் பார்த்து நிற்கும். காருக்கும் எங்கள் மகள் தூங்கும் அறையின் ஜன்னலுக்கும் நடுவே இரண்டு அடி இடைவெளி. ஜன்னலும் அதே சுவரைத்தான் பார்க்கிறது.

"தண்ணிய அடி, காயப் போவுது" என்று அவர் இரண்டாம் முறை சொன்ன பிறகுதான் என் கை அசைந்தது.

என் அப்பா அம்பத்தூர்ப் பக்கம் ஒரு பட்டறையில் சாணை பிடிக்கும் வேலை பார்த்தார். அவருடைய வெள்ளைச் சட்டைகளைத் துவைத்து உலர்த்திய மறுநாள் காலரில் பழுப்புப் புள்ளிகள் எழும்பும். அம்மா எலுமிச்சைத் தோலில் உப்பைத் தொட்டு அவற்றைத் தேய்ப்பாள். சட்டையில் போகும், அடுத்த வாரம் வேறு இடத்தில் வரும். அப்பா இருமிக்கொண்டே இருந்தார். நான் கல்லூரியில் இரண்டாம் வருடம் படிக்கும்போது போய்விட்டார். ஆஸ்பத்திரியில் பீடி உண்டா என்று கேட்டார்கள். உண்டு என்று அம்மா சொன்னாள். அதற்கு மேல் யாரும் எதையும் கேட்கவில்லை. என்ன வேலை என்று கேட்கவில்லையே என்று எனக்கு உறைத்தது, எல்லாம் முடிந்து பல மாதங்கள் கழித்து. அப்போது கேட்டு என்ன ஆகப் போகிறது என்று நானும் விட்டுவிட்டேன்.

எங்கள் மகளுக்கு ஆடி மாதத்திலிருந்து இருமல் இருந்தது. வரும், போகும். இந்த வயசில் வருவதுதான் என்று டாக்டர் சொல்லியிருந்தார். நான் நம்பினேன். அன்றைக்கு மாலை அவள் ஜன்னல் பக்கம் ஒருக்களித்துப் படுத்திருந்தபோது இரண்டு முறை இருமினாள். இரண்டாவது இருமல் அப்பாவுடையது போல இருந்தது. இரண்டரை வயதுக் குழந்தையின் இருமல் ஐம்பது வயது மனிதனுடையது போல இருக்க முடியாது என்று எனக்குத் தெரியும். ஆனாலும் அடுப்பை அணைத்துவிட்டு வந்து கேட்டுக்கொண்டு நின்றேன்.

கணவரிடம் சொன்னேன். "கார் மேல விழுந்தது அவ மேலயும் விழும் இல்லையா?"

"கார் ஒரே எடத்துல நிக்குது. பத்து மாசமா சேர்ந்திருக்கு. கொழந்த ஓடிக்கினு இருக்கா. ஒன்னையும் இன்னொன்னையும் முடிச்சு போடாத."

"மாமாகிட்ட ஒரு வார்த்தை கேட்டா என்ன? அறுக்கற மெஷினை மட்டும் அந்தப் பக்கம் தள்ளி வைக்கச் சொல்லி."

அவர் களிமண் கட்டியை மடித்துப் பிசைந்துகொண்டே இருந்தார். "எந்த மூஞ்ச வெச்சிக்கினு கேக்கறது? அந்த மெஷின்ல ஓடினதுதான் நான் கட்டின பீஸு."

மறுநாள் காலை, பாலிஷ் முடிந்து பளபளவென்று நின்ற காரைப் பார்க்கச் சின்ன மாமனார் வந்தார். கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு கேட்டில் சாய்ந்து நின்றார்.

"இன்னாடா, காருக்குக் கல்யாணமா? பொண்ணு யாரு?"

"ஆயுத பூஜைக்கு சித்தப்பா."

"என் கார் ஆட்டோக்கும் இப்டி செஞ்சி குடுறா. கழுத, போற எடத்துல ஒரு மரியாத வேணாமா." அவர் சரக்கு ஏற்றும் ஆட்டோவைக் கார் ஆட்டோ என்றுதான் சொல்வார். கூரையை உள்ளங்கையால் தடவினார். "நல்லா வழுக்குது. இன்னா இருந்திச்சி மேல?"

"இரும்புத் துகள். பிரேக்குலேர்ந்து வரும்."

"பிரேக்குலேர்ந்து கெளம்பி கூரை மேல ஏறி குந்திக்கிச்சா? கில்லாடி பிரேக்குடா உன்து." சிரித்தார். பிறகு சுவரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "மருமவளே, கொயந்த இன்னா பண்து?"

"தூங்குறா மாமா."

"தூங்கட்டும், தூங்கட்டும்" என்று சொல்லிவிட்டுப் போனார். அன்றைக்கு மெஷின் பத்தரை மணிக்குத்தான் தொடங்கியது. அதை நான் கவனித்தேன். அவள் எழுந்திருக்கட்டும் என்று காத்திருந்தாரா, இல்லை கரண்ட் இல்லையா என்று தெரியவில்லை.

செவ்வாய்க்கிழமை மதியம், கணவர் அலுவலகம் போயிருந்தார். மகள் கூடத்தில் தூங்கினாள். அந்த அறையில் அவளைத் தூங்க வைப்பதை நான் நிறுத்தி இரண்டு நாள் ஆகியிருந்தது. அலமாரியின் மேல்தட்டில் அந்த பாட்டில் இருந்தது. பாதிக்கு மேல் மீதி.

நான் வேதியியல் படித்தவள். அந்த மருந்து இரும்பைப் பார்த்தால் நிறம் மாறும். அங்கே இரும்பு இருக்கிறது என்பதற்கு மேல் அது ஒன்றும் சொல்லாது. யார் மூச்சில் எவ்வளவு போனது, போனது எதைச் செய்தது என்றெல்லாம் சொல்லாது. இது எனக்கு அன்றைக்கும் தெரியும். ஆனால் ஜன்னல் திட்டில் ஒரே ஒரு முறை அடித்துப் பார்த்து, அது வெள்ளையாகவே இருந்துவிட்டால், இனி வாயைத் திறக்காமல் காலம் தள்ளிவிடலாம் என்று நினைத்தேன். என் கணவர் சங்கடப்பட வேண்டியதில்லை. மாமாவிடம் யாரும் எதுவும் கேட்க வேண்டியதில்லை. எல்லோருக்கும் நல்லதுதானே என்றுதான் பாட்டிலை எடுத்தேன்.

பட்டறையில் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. புதுத் தூசி உள்ளே வரக்கூடாது என்று ஜன்னலைச் சாத்தினேன். நாற்றம் கூடத்துக்குப் போகக்கூடாது என்று கதவையும் சாத்தினேன். இரண்டுமே சரியான காரியம் என்று நினைத்துத்தான் செய்தேன்.

ஜன்னல் திட்டில் வெள்ளை டைல்ஸ். காலையில்தான் ஈரத்துணியால் துடைத்திருந்தேன். அடித்துவிட்டு நூறு வரை எண்ணினேன். எழுபதுக்குப் பக்கத்தில், டைல்ஸின் மூலையில் ஊதா நிறம் ஒரு பொட்டு போல வந்தது. பிறகு இணைப்புக் கோடு முழுவதும் ஊறியது.

அங்கே நிறுத்தியிருக்க வேண்டும். நிறுத்த முடியவில்லை. ஜன்னலில் வந்தது உள்ளே எவ்வளவு தூரம் வந்திருக்கிறது என்று பார்க்க வேண்டும் போல் இருந்தது. கொசுவலையில் அடித்தேன். அது கம்பி வலை, துருப்பிடித்தது. முழுக்க ஊதாவானது. அதில் ஒரு அர்த்தமும் இல்லை என்று தெரிந்தும் பார்த்துக்கொண்டு நின்றேன். வெள்ளைப் பீரோக் கதவில் அடித்தேன். கீழ்ப்பகுதியில் மெல்லிய இழை ஒன்று வந்தது, அல்லது வந்தது போல இருந்தது. அவளுடைய சொப்புச் சாமான் டப்பாவின் வெள்ளை மூடியில் அடித்தேன். ஒன்றும் இல்லை. ஒன்றும் இல்லை என்பதை நம்ப முடியாமல் மறுபடி அடித்தேன். சுவிட்ச் பலகை. கட்டிலின் தலைமாட்டுப் பலகை. எங்கே அது நிற்கிறதோ அந்த இடத்தைக் கண்டுபிடித்தால் அங்கிருந்து அவள் பத்திரமாக இருப்பாள் என்பது போல அடித்துக்கொண்டே போனேன். என் கண் எரிந்தது. பயத்தில் எரிகிறது என்று நினைத்தேன்.

கதவு திறந்தது. மகள் நின்றாள், கன்னத்தில் பாயின் தடம்.

"ம்மா, நாத்தம்."

நான் திரும்புவதற்குள் அவள் உள்ளே வந்து சொப்பு மூடியை எடுத்துவிட்டாள். தூக்கிக்கொண்டு ஓடினேன். கையைக் கழுவினேன், முகத்தைக் கழுவினேன், சட்டையை மாற்றினேன். வாசல் படியில் காற்றாட உட்கார வைத்தேன். அவள் நன்றாகத்தான் இருந்தாள். ஒரு பிஸ்கட் தின்றாள். அறைக்கு ஓடிப்போய் ஜன்னலைத் திறந்து, எல்லாவற்றையும் தண்ணீர் விட்டுத் துடைத்தேன். திரும்பி வந்தபோது இருமிக்கொண்டிருந்தாள். நாலு மணிக்கு இருமல் நிற்கவே இல்லை. நாலரை மணிக்கு அவள் மூச்சை இழுக்கும்போது விலா எலும்புக்குக் கீழே குழி விழுந்தது. கணவரின் போன் மணி அடித்துக்கொண்டே இருந்தது, அவர் எடுக்கவில்லை.

சுவர்ப் பக்கம் போய், "மாமா" என்று கூப்பிட்டேன். மெஷின் சத்தத்தில் கேட்காது என்று நினைத்தேன். உடனே மெஷின் நின்றது.

அவர் அப்படியே வந்தார், கையெல்லாம் கரியோடு. குழந்தையைப் பார்த்தார். "சாவிய குடு" என்றார். பாலிஷ் போட்ட அந்த வெள்ளைக் காரில்தான் போனோம். கதவிலும் ஸ்டியரிங்கிலும் அவர் விரல்கள் கறுப்பாகப் பதிந்தன. குமணன்சாவடியில் நாலு பக்கமும் லாரி. அவர் ஹாரனில் வைத்த கையை எடுக்கவில்லை.

"த்தோ, இன்னும் அஞ்சு நிமிசம்மா. கண்ணு, தாத்தாவ பாரு. ஜொய்ங்னு போறோம் பாரு."

அவள் அவரைப் பார்த்தாள். மூச்சு விடுவதிலேயே மும்முரமாக இருந்தாள்.

பூந்தமல்லியில் ஒரு சின்ன கிளினிக். டாக்டர் அம்மா குழந்தையைப் பார்த்ததும் வேறு யாரையோ வெளியே அனுப்பிவிட்டு, அவள் முகத்தில் மருந்துப் புகை வரும் முகமூடியை வைக்கச் சொன்னார். என் மடியில் வைத்து நான் பிடித்துக்கொண்டேன். முதலில் திமிறினாள், பிறகு விட்டுவிட்டாள். பத்து நிமிடத்தில் விலாக் குழி குறைந்தது. டாக்டர் ஸ்டெதாஸ்கோப்பை எடுத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"வீட்டுல புகை, பெயிண்ட், ஊதுபத்தி, ஏதாவது கெமிக்கல்? இன்னைக்குப் புதுசா எதாவது?"

என் வாய் திறந்தது. அதற்குள் பின்னால் நின்றிருந்த சின்ன மாமனார் பேசிவிட்டார்.

"என்துதான் மேடம். நம்ம பட்டறை ஊட்ட ஒட்டிக்கினு கீது. இரும்பு அறுக்கறது. எல்லாம் அந்தத் தூசிதான். நாந்தான் பாத்திருக்கணும்."

அவர் சட்டென்று சொல்லவில்லை. பல நாளாக மனசில் வைத்திருந்ததை எடுத்து வைப்பது போலச் சொன்னார். கரி படிந்த கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் முதுகுக்குப் பின்னால் கட்டியிருந்தார். நான் எந்த வார்த்தையைக் கேட்க வேண்டும் என்று இரண்டு நாளாகத் துடித்தேனோ, அதை அவரே யாரும் கேட்காமல் கொடுத்துவிட்டார். நான் திறந்த வாயை மூடிக்கொண்டேன்.

டாக்டர் சின்ன மாமனாரிடம் சீட்டு எழுதிக் கொடுத்து மருந்து வாங்கி வரச் சொன்னார். அவர் போனதும் நான் சொன்னேன். பாட்டிலின் பெயரைப் போனில் தேடி அதன் படத்தைக் காட்டினேன்.

டாக்டர் படத்தைப் பெரிதாக்கிப் படித்தார். "இத மூடின ரூம்ல அடிச்சீங்களா?"

"ஆமா."

"எதுக்கும்மா?"

"இரும்பு எதுவரைக்கும் வந்திருக்குன்னு பாக்க."

அவர் திட்டவில்லை. போனைத் திருப்பிக் கொடுத்தார். "தூசி இருந்தா துடைங்க. இதெல்லாம் வீட்டுக்குள்ள வரவே கூடாது. குழந்த வாயில வெச்சாளா?"

"இல்ல. மூடியைக் கையில எடுத்தா. உடனே கழுவிட்டேன்."

"நல்லது. இன்னைக்கு வந்தது பெரும்பாலும் இதனாலதான் இருக்கும். அதுக்கு முன்னாடி இருந்த இருமல் பட்டறையாலயா, இல்ல சாதாரண சளியான்னு கேட்டா, என்னால சொல்ல முடியாது. யாராலயும் இப்போ சொல்ல முடியாது."

சின்ன மாமனார் மருந்துப் பையோடு வந்தார். டாக்டர் எந்த மருந்தை எத்தனை வேளை என்று இருவருக்கும் பொதுவாகச் சொன்னார். மற்றதைச் சொல்லவில்லை. சொல்ல வேண்டியது நான் என்று விட்டாரோ என்னவோ.

திரும்பி வரும்போது குழந்தை என் மேல் தூங்கிவிட்டாள். அவர் மெதுவாக ஓட்டினார். காட்டுப்பாக்கம் வரும் வரை ஒரே ஒரு முறைதான் பேசினார்.

"எனுக்கு அன்னிக்கே தெரியும்மா. காரைத் தொட்டப்பவே."

மறுநாள் மெஷின் ஓடவில்லை. அதற்கு அடுத்த நாளும் ஓடவில்லை. மூன்றாம் நாள் அவருடைய சரக்கு ஆட்டோ கொட்டகை வாசலில் பின்பக்கமாக வந்து நின்றது. அறுக்கும் மெஷின், சாணை, வெல்டிங் பெட்டி எல்லாம் ஏறின. செம்பரம்பாக்கத்தில் கிடங்குகளுக்குப் பின்னால் தெரிந்தவர் ஒருவரின் கொட்டகையில் இடம் கிடைத்திருக்கிறது என்றார். அங்கே சுற்றிலும் வீடு இல்லையாம். என் கணவர் இறக்கும் வரை கூடப் போய்விட்டு வந்து, வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டே சொன்னார்.

"பாத்தியா, நாம கேக்கவே இல்ல. அவராவே புரிஞ்சிக்கினாரு."

அப்போது சொல்லியிருக்கலாம். "அலமாரில பாட்டில் காலியா கீது?" என்று அவர் இரண்டு நாள் கழித்துக் கேட்டபோதும் சொல்லியிருக்கலாம். கவிழ்ந்து கொட்டிவிட்டது என்றேன். ஆயுத பூஜையன்று எப்போதும் குடும்பத்தின் வண்டிகள் எல்லாம் பட்டறை வாசலில் வரிசையாக நிற்கும், மெஷின்களுக்குச் சந்தனம் வைத்த அதே கையால் சின்ன மாமனார் வண்டிகளுக்கும் வைப்பார். அந்த வருடம் எங்கள் கார் மட்டும் மூடிய கதவின் முன் நின்றது. அவர் செம்பரம்பாக்கத்தில் பூஜையை முடித்துவிட்டு வியர்த்து வழிந்து வந்து, எங்கள் காருக்குக் கற்பூரம் காட்டினார். பானெட்டில் சந்தனம் வழுக்கிக்கொண்டு நிற்காமல் இறங்கியது. "ரொம்ப பாலிஷ் போட்டுட்டான் உன் புருசன்" என்று என்னைப் பார்த்துச் சொன்னார். நான் சிரித்தேன்.

குழந்தைக்கு அதன் பிறகு மூச்சுத் திணறல் வரவில்லை. மழைக்காலத்தில் ஒரு சளி வந்தது, ஒரு வாரத்தில் போனது. பட்டறை போனதால் நின்றதா, நான் செய்ததை மறுபடி செய்யாததால் நின்றதா? வீட்டில் எல்லோருக்கும் பதில் தெரிந்திருந்தது. எனக்கு மட்டும் தெரியவில்லை. மதியம் அந்த நிசப்தத்தில் உட்கார்ந்திருப்பேன். ஜன்னல் திட்டின் இணைப்புக் கோட்டில் மட்டும் ஊதா நிறம் ஒரு விரல் நீளத்துக்குத் தங்கிவிட்டது. பிரஷ் வைத்துத் தேய்த்தேன். சோடா மாவு போட்டேன். வெயிலில் அது பழுப்பாகத் தெரியும், விளக்கு வெளிச்சத்தில் மறுபடி ஊதாவாகத் தெரியும். என் கணவர் அதை ஒருநாளும் கவனிக்கவில்லை. அவர் அந்தப் பக்கம் திரும்பும்போதெல்லாம் நான் ஏதாவது பேசத் தொடங்கினேன்.

சின்ன மாமனார் காலையில் பைக்கில் போய் இருட்டுவதற்குள் திரும்புவார். மழையில் ஏரிப் பக்கத்துச் சாலை சேறாகக் கிடக்கும், இரண்டு முறை வழுக்கி விழுந்தார். ஒருமுறை முழங்கையில் கட்டோடு வந்தார். எப்படி வந்தாலும் எங்கள் கேட்டில் வண்டியை நிறுத்திக் கேட்பார்.

"எப்டி கீது கொயந்தைக்கு?"

"நல்லா இருக்கா மாமா."

"அத்த சொல்லு" என்று சொல்லிவிட்டுத்தான் வண்டியை நகர்த்துவார். என் அந்த ஒரு பதிலில் அவருக்கு அன்றைய அலைச்சல் எல்லாம் தீர்ந்துபோகும். அதை என் கண்ணால் பார்க்க முடிந்தது. பார்க்கப் பார்க்க, அவர் வண்டிச் சத்தம் கேட்டாலே உள்ளே போய்விடலாமா என்று தோன்றும். ஆனால் போனால் அவர் கவலைப்படுவார் என்று நின்றேன்.

கட்டு போட்ட கையோடு வந்த நாலாம் நாளோ ஐந்தாம் நாளோ, அவர் "அத்த சொல்லு" என்று சொல்லும் முன்பே நான் சொல்லிவிட்டேன். பாட்டிலைப் பற்றி, சாத்திய ஜன்னலைப் பற்றி, அவர் மருந்து வாங்கப் போனபோது டாக்டரிடம் பேசியதைப் பற்றி. தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னேன். திட்டுவார், அல்லது பேசாமல் வண்டியைக் கிளப்பிக்கொண்டு போய்விடுவார் என்று நினைத்தேன். இரண்டுக்கும் தயாராக இருந்தேன்.

அவர் ஹெல்மெட்டைக் கழற்றினார். முகம் வேறு மாதிரி ஆகியிருந்தது.

"அப்போ என் தூசி இல்லியாம்மா?"

அதற்கு நான் தயாராக இல்லை. அவ்வளவு ஆசையாகக் கேட்டார். ஆமாம் மாமா, உங்க தூசி இல்ல என்று சொன்னால் போதும். மறுநாளே மெஷின் திரும்பி வந்துவிடும். ஏரிச் சாலை வேண்டாம், சேறு வேண்டாம். அதைச் சொல்லத்தான் வாயைத் திறந்தேன் என்று இப்போதும் நினைக்கிறேன்.

"தெரியல மாமா. ஜன்னல்ல இருந்தது உங்க தூசிதான். அன்னிக்கு மூச்சு முட்டினது என்னாலதான். அதுக்கு முன்னாடி இருந்த இருமல் எதால வந்ததுன்னு டாக்டருக்கும் தெரியல."

"அவங்களுக்கும் தெர்லியா."

"தெரியல."

அவர் கொஞ்ச நேரம் மூடிக் கிடந்த கொட்டகையின் கதவைப் பார்த்தார். "செரி" என்றார். "அப்போ மெஷினு அங்கியே கெடக்கட்டும். தெரியாத விசயத்த இங்க வெச்சிக்கினு இன்னாத்துக்கு."

எங்கள் பேச்சைக் கேட்டு மகள் உள்ளேயிருந்து ஓடி வந்தாள். கேட்டின் கம்பிக்கு நடுவில் இரண்டு கையையும் நீட்டி, தூக்கச் சொல்லி, "ஜொய் தாத்தா" என்றாள். எப்போதும் அந்த இடத்தில் அவர் குனிந்து தூக்கிவிடுவார். அன்றைக்கும் பாதி குனிந்தார். பிறகு நிமிர்ந்து, தன் சட்டையின் முன்பக்கத்தைத் தட்டினார். தட்டிய கையைத் திருப்பிப் பார்த்தார். நகக்கண்ணைப் பார்த்தார். கையை மூக்கருகே கொண்டுபோய் மோந்தார்.

"இரு கண்ணு. தாத்தா குளிச்சிட்டு வரேன்."

அவள் கேட்டைப் பிடித்துக்கொண்டு அங்கேயே நின்றாள். நான் தெருவிளக்கு எரியும் வரை அவளோடு நின்றேன். கொட்டகைக்குப் பின்னால் அவர் வீட்டுக் குளியலறையில் தண்ணீர் விழும் சத்தம் வெகு நேரம் கேட்டது. அன்றைக்கு அவர் வரவில்லை.